இடது கண்ணில் சுப்பர் குளூ

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பசையைக் கண்ணில் விட்டது அது கண்மருந்து என்று நினைத்துத்தான். விசுவமடுச் சந்தியில் இதற்கு வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன. காதல் தோல்வி என்று ஒரு கதை. பட்டம் முடித்தும் வேலை கிடைக்காத விரக்தி என்று இன்னொரு கதை. பொய் இமை ஒட்டப் போனேன் என்றும் சிலர் சொல்கிறார்கள். இவை எல்லாமே உண்மையைவிடக் கௌரவமானவை என்பதால் நான் எதையும் மறுக்கப் போகவில்லை. ஆனால் எழுத்து என்று வரும்போது உள்ளதை எழுத வேண்டும்.

உள்ளது எங்கள் பிரிஜ்ஜில் தொடங்குகிறது.

எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுக்கமான தெருவில், நம்பி ஒரு பொருளை வைக்கக்கூடிய பிரிஜ் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற வீட்டுப் பிரிஜ்கள் பழுதாகி, உடுப்பு வைக்கிற அலுமாரியாகவும் கோழி அடைகிடக்கிற பெட்டியாகவும் மாறிவிட்டன. ஆகவே எங்களுடையது ஒழுங்கைக்கே பொது. மேல்தட்டில் முன்வீட்டு ஐயாவின் இன்சுலின் இருக்கும். அதற்குக் கீழே யாரோ ஒருவருடைய வீட்டு விசேடத்துக்கு வாங்கிய மல்லிகைச் சரம். அடியில் மீன். ஆட்கள் படலையைத் திறந்து நேரே வருவார்கள். "பிள்ளை, என்ர சாமானை எடுக்கிறன்" என்று குரல் கொடுத்து எடுத்துக்கொண்டு போவார்கள். அம்மாவுக்கு இதில் சரியான பெருமை. பிரிஜ்ஜை அவர் துடைக்கிற அளவுக்கு என்னைத் துடைத்து வளர்த்ததில்லை.

கதவுத் தட்டில் குகன் அண்ணையின் சுப்பர் குளூ இருந்தது. அவர் சந்தியில் தகரக் கொட்டகை போட்டுச் செருப்பு, குடை, ரேடியோ எல்லாம் திருத்துகிறவர். எங்கள் வெயிலில் தகரத்துக்குக் கீழே அந்தப் பசை கெதியில் கட்டிபட்டுவிடும். குளிரில் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். அதே தட்டில் என் கண்மருந்தும் இருந்தது. நெற்கதிரைச் சூடு மிதிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, நெல்தூசு பட்டு, என் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. மருந்தைக் குளிரில் வைக்கும்படி மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார். இரண்டுமே சின்னிவிரல் அளவு வெள்ளைப் போத்தல்கள். இரண்டுக்கும் கூரான வாய்.

எங்கள் வீட்டில் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா கையெழுத்து வைப்பார், அதுவும் படம் கீறுவதுபோல. அண்ணன் படிக்க வேண்டிய வயதில் நாங்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்துகொண்டிருந்தோம். நான் மட்டும்தான் படித்து, விஞ்ஞானப் பட்டம் வாங்கி, இப்போது பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் வாசிக்கத் தெரிந்த கண்கள் இரண்டே இரண்டு. இரண்டும் என் முகத்தில் இருக்கின்றன. கமநல நிலையத்துக் கடிதம், பூச்சிமருந்துப் போத்தலின் பின்பக்கம், மருந்து சுற்றிய சரையில் எழுதியிருப்பது எல்லாம் என்னிடம்தான் வரும். ஒழுங்கையில் இருந்தும் வரும்.

அன்று மத்தியானம் இரண்டு கண்ணிலும் நீர் வடிந்துகொண்டிருந்தது. கண்ணை மூடியபடியே கதவுத் தட்டைத் தடவி, கைக்கு அகப்பட்ட போத்தலை எடுத்தேன். பாயில் படுத்து, இடது இமையை விரித்து, ஒரு துளி விட்டேன்.

முதலில் குளிர்ந்தது. நல்ல மருந்து என்று நினைத்தேன். அடுத்த கணம் மிளகாய்த்தூள் விழுந்ததுபோல எரிந்தது. இறுக மூடினேன். திறக்கப் பார்த்தபோது வலது கண் மட்டும் திறந்தது. அந்தக் கண்ணால் கையிலிருந்த போத்தலைப் பார்த்தேன். அதில் எழுதியிருந்ததை வாசித்தேன். என் வாழ்க்கையில் ஒரு சொல்லை அவ்வளவு பிந்தி வாசித்ததில்லை.

"அம்மா, என்ர கண் ஒட்டிப்போச்சு."

"கண்நோய்க்குப் பூளை பிடிச்சு ஒட்டும்தானே. தண்ணி தொட்டுத் துடை," என்றார் அம்மா குசினிக்குள்ளிருந்து.

"பூளை இல்லையம்மா. பசை. குகன் அண்ணையின்ர பசை."

குசினியில் அகப்பைச் சத்தம் நின்றது. அம்மா ஓடி வந்து, என் கண்ணைப் பார்த்து, கையிலிருந்த போத்தலைப் பார்த்து, முதல் கேள்வி கேட்டார்.

"அந்தாளின்ர போத்தல் முழுக்கவே விட்டனீ?"

எங்கள் பிரிஜ்ஜுக்கு ஊரில் இருந்த நற்பெயர் அப்படி.

நான் குழாயடிக்கு ஓடி, முகத்தைச் சரித்து, தண்ணீரைத் திறந்துவிட்டேன். சுப்பர் குளூ காற்றில் காய்கிற பசை அல்ல, ஈரம் பட்டால் இறுகுகிற பசை. ஒரு விரலின் வியர்வையே அதற்குப் போதும். கண் என்பது அதற்கு ஒரு குளம். கண்ணீரில் விழுந்த உடனேயே இறுகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இறுகியதை மெல்ல மெல்ல இளக்கக்கூடியதும் கண்ணுக்குப் பாதுகாப்பானதும் தண்ணீர் ஒன்றுதான். இது எனக்குத் தெரிந்த விசயம். எங்கள் வீட்டில் மற்றவர்களுக்கும் விசயம் தெரியும் என்பதுதான் அடுத்த பிரச்சினை.

அப்பா உழவு மெசினை நிறுத்திவிட்டு வந்தார். "சைக்கிள் ரியூப்புக்குப் பூசுற சொலூசன் கையில பட்டால் பெற்றோல் தொட்டுத் துடைச்சாப் போயிடும்," என்றார்.

அண்ணன் கிணறுகளுக்குப் பைப் பூட்டுகிறவன். "பெற்றோல் சரிவராது. பைப் ஒட்டுற கம்முக்குத் தின்னர்தான். என்ர பைக்குள்ள கிடக்கு."

செய்தி கேட்டு ஓடிவந்த குகன் அண்ணைக்கு மூச்சு வாங்கியது. "இது என்ர பசை. எனக்குத்தான் தெரியும். நகப்பூச்சு அழிக்கிற தண்ணி வேணும். என்ர விரல் ஒட்டேக்குள்ள அதைத்தான் பூசுறனான்."

"ஒண்டும் வேண்டாம்," என்றார் அம்மா. "பின்வீட்டுச் சுலோவுக்குப் பிள்ளை பிறந்திருக்கு. முலைப்பால் ரெண்டு சொட்டு விட்டால் கண் குளிரும். நான் சிரட்டையோட போட்டு வாறன்."

தண்ணீருக்குக் கீழே தலையை வைத்துக்கொண்டு நான் பாடம் எடுத்தேன். வேறு வழி இருக்கவில்லை. அவர்கள் ஒருவரும் பொய் சொல்லவில்லை. சொலூசன் என்பது பெற்றோல் மாதிரியான ஒரு திரவத்தில் கரைத்த இறப்பர். ஆகவே பெற்றோலுக்கு இளகும். பைப் கம் பைப்பை ஒட்டுவதே இல்லை, இரண்டு பைப்பின் மேற்பரப்பையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. அது தின்னருக்குப் போகும். நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர் சுப்பர் குளூவை இளக்குவதும் உண்மை, ஆனால் விரலில். இவற்றில் எதைக் கண்ணில் விட்டாலும் பசை போகிறதோ இல்லையோ, கண் போய்விடும்.

"முலைப்பால்?" என்று கேட்டார் அம்மா.

"அதைப் பிள்ளை குடிக்கட்டும்."

அம்மா பஞ்சை எடுத்துக்கொண்டு வந்தார். அதையும் தடுத்தேன். காயாத சுப்பர் குளூ பஞ்சிலோ பருத்தித் துணியிலோ பட்டால் சூடேறும், புகையும் வரும், தோலைச் சுடும்.

"அப்ப இதுக்கு மருந்து என்ன?" என்று அப்பா பொறுமை இழந்தார். "பாடமாய்ச் சொல்லாமல் மருந்தாய்ச் சொல்லு பிள்ளை."

"ஆஸ்பத்திரி," என்றேன். "இழுத்துத் திறக்கக் கூடாது. ஈரத் துணியால மூடிக்கொண்டு போகவேணும். போத்தலையும் கொண்டு வாங்கோ, டொக்டர் கேப்பார்."

ஓட்டோவில் அம்மாவும் நானும் அப்பாவும் பின்னால், அண்ணன் சாரதிக்குப் பக்கத்தில். கண்டாவளைப் பக்கத்து வயல்கள் வலது கண்ணில் ஓடின. இடது கண்ணில் சிவப்பு இருட்டு. அதுவரை பாடம் எடுத்துக்கொண்டிருந்ததால் பயப்பட நேரம் கிடைக்கவில்லை. பரந்தன் சந்தியில் ஓட்டோ நின்றபோது பயம் ஏறி உட்கார்ந்தது. ஒரு கண்ணில் பார்வை போனால் மற்றதை வைத்து வாசிக்கலாம்தான். ஆனால் எனக்கு இரண்டும் வேண்டும். படித்ததெல்லாம் அந்த இரண்டு வழியாலும்தான் உள்ளே வந்தது.

மாவட்ட ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பகுதியில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். "என்ன வருத்தம்?" என்று மெதுவாகத்தான் கேட்டார்கள். அண்ணன், கிணற்றுக்குள் நின்று மேலே இருப்பவனுக்குச் சொல்லிப் பழகிய குரலில், "கண்ணுக்குள்ள சுப்பர் குளூ விட்டவ," என்றான். கதிரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின. பக்கத்தில் இருந்தவர் என்னிடம், "படிச்ச பிள்ளையோ?" என்று கேட்டார். அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கண் டொக்டர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். போத்தலை வாங்கிப் பார்த்தார்.

"ஆராவது இழுத்துத் திறக்கப் பாத்தவையோ?"

"இல்லை டொக்டர். இவ விடேல்லை," என்றான் அண்ணன்.

"பெற்றோல், தின்னர் ஏதும் பூசினீங்களோ?"

"பூசேல்லை. தேவைப்பட்டாலும் எண்டு கொண்டு வந்தனாங்கள்."

அண்ணன் பையிலிருந்து தின்னர்ப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தான். அப்பா தயங்கித் தயங்கி, மடியிலிருந்து ஒரு சோடாப் போத்தலை எடுத்தார். பெற்றோல்.

டொக்டர் இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "ரெண்டையும் வெளியில கொண்டுபோய் வையுங்கோ. இஞ்ச நெருப்புப் பிடிச்சால், ஒட்டின கண்ணை விட்டிட்டு எரிஞ்ச ஆக்களைப் பாக்க வேண்டி வரும்."

பிறகு எனக்கு விளக்கினார். பசை ஈரமான விழியில் நெடுநேரம் பிடித்து நிற்காது. இமை மயிர்களையும் இமை விளிம்பையும்தான் ஒட்டியிருக்கிறது. உள்ளே கட்டிபட்ட துண்டு ஏதும் இருந்தால் அது உரசிக் கீறும். கருவிழிக்கு முன்னால் கண்ணாடிபோல ஒரு படலம் இருக்கிறது, வெளிச்சம் அதனூடாகத்தான் உள்ளே போகிறது. அதில் கீறல் ஆழமாக இருந்தால்தான் கவலை.

"பார்வை?" என்று கேட்டேன்.

"திறந்து பாத்திட்டுச் சொல்லுறன். இப்ப சொன்னால் அது சாத்திரம் சொல்லுறது."

இளஞ்சூடான உப்புநீரால் நெடுநேரம் கழுவி, களிம்பு பூசி, ஈரத்துணி வைத்துக் கட்டி, வாட்டில் படுக்கப் போட்டார்கள். ஒரு நாள் ஊறட்டும், அவசரப்பட்டால்தான் பிழையாகும் என்றார் டொக்டர்.

பக்கத்துக் கட்டிலில் தண்ணீரூற்றுக் கிராமத்திலிருந்து வந்த ரஹ்மத்தும்மா. முல்லைத்தீவில் அவருடைய மகன் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். உம்மாவுக்குக் கண்புரை, அதாவது கண்ணுக்குள் இருக்கும் வில்லை பால்போல மங்கிப்போகும் நோய். வெட்டிப் புது வில்லை வைத்து வலது கண்ணைக் கட்டியிருந்தார்கள்.

"உனக்கு இடது, எனக்கு வலது," என்றார் என்னைப் பார்த்ததும். "ரெண்டு பேரும் சேந்தாத்தான், மகள், ஒரு ஆள். என்னத்தால உனக்கு?"

சொன்னேன். அவர் சிரிக்கக் கூடாது என்று வாட்டுத் தாதி மிஸ் சொல்லியிருந்தார். வெட்டிய கண்ணுக்குக் கூடாது. உம்மா வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலோடு குலுங்கினார். மிஸ் ஓடிவந்து என்னைத்தான் ஏசினார்.

சிரித்து முடித்ததும் உம்மாவுக்கு வியாபார யோசனை வந்துவிட்டது. "எங்கட கடையில எல்லாக் கம்மும் ஒரே தட்டிலதான், மகள், கிடக்கு. ஆக்கள் வந்து ஒட்டுறதுக்கு ஒண்டு தாங்கோ எண்டு கேக்கிறாங்க. மகன் கைக்கு வாறதைக் குடுக்கிறான்."

"என்னத்தை ஒட்டப் போறியள் எண்டு கேக்கச் சொல்லுங்கோ உம்மா. பலகைக்கும் கடதாசிக்கும் வெள்ளைக் கம். அதில இருக்கிற தண்ணி காயத்தான் பிடிக்கும், பிள்ளையளும் பாவிக்கலாம். தண்ணித் தாங்கி வெடிப்புக்கு ரெண்டு குழாயைக் கலந்து பூசுறது இருக்கு. அது தோலில பட்டால் கடிக்கும், கையுறை போடவேணும். மணக்கிற கம் எல்லாத்தையும் வெளியில காத்துக்குள்ள வைச்சுத்தான் பாவிக்க வேணும், பக்கத்தில அடுப்பு இருக்கக் கூடாது."

"மணந்தால் என்ன செய்யும்?"

பதிலுக்கு அண்ணனின் கதையைச் சொன்னேன். ஒருமுறை அவன் தண்ணீர் இறைத்த கிணற்றுக்குள் இறங்கி, அடியில் குந்தியிருந்து பைப்புக்குக் கம் பூசினான். அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது, மேலே எழும்பாமல் கிணற்றின் அடியிலேயே தேங்கி நிற்கும். அண்ணனுக்குத் தலை சுற்றத் தொடங்கியது. மேலே நின்றவர்கள் கயிற்றால் இழுத்து எடுத்தபோது, மரணவீட்டில்கூட வாய் திறக்காத என் அண்ணன் பாடிக்கொண்டு வந்தான். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் பாட்டு நின்றிருக்கும். இப்போது மேலே வைத்து ஒட்டி, காய்ந்த பிறகுதான் பைப்பைக் கீழே இறக்குகிறான்.

"நல்லாப் பாடினாரோ?" என்று கேட்டார் உம்மா.

மறுபடி குலுங்கினார். மிஸ் மறுபடி என்னை ஏசினார்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை. பார்க்க வருகிறவர்களுக்குத்தான் செலவு. அப்பிள்களும் பால்மாப் பெட்டிகளும் சேர்ந்தன. முன்வீட்டு ஐயா விசுவமடுவிலிருந்து பஸ் ஏறி வந்து, என் கட்டைப் பார்த்து, "கடவுள் கண்ணைப் பறிக்கமாட்டான் பிள்ளை," என்று மனமுருகச் சொன்னார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "வீட்டுப் பூட்டின்ர திறப்பு ஆரிட்டை? என்ர இன்சுலின் உள்ளுக்க," என்றார். அவருக்குப் பின்னால் வந்தவர் மீனைப் பற்றிக் கேட்டார். குகன் அண்ணை ஒன்றும் கேட்கவில்லை. தோடம்பழப் பையைக் கட்டில் காலடியில் வைத்துவிட்டு, தன் கை பட்டால் எதுவும் ஒட்டிவிடும் என்பதுபோலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் டொக்டர் இமை மயிர்களை ஒட்ட வெட்டினார். மயிரோடு சேர்ந்து பசையும் பொருக்குப் பொருக்காக வந்தது. மரத்துப்போகும் மருந்து விட்டு இமையை மெதுவாகப் பிரித்து, உள்ளே இருந்து ஒரு துண்டை இடுக்கியால் எடுத்துக் காட்டினார். மீன் செதில்போல இருந்தது. பிறகு செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சாயத்தை விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். கீறல் பட்ட இடம் அந்த வெளிச்சத்தில் பச்சையாகத் தெரியுமாம்.

நான் பார்த்தது வேறு. கண் திறந்திருந்தது, ஆனால் எதிரே ஒன்றுமில்லை. வெள்ளைப் புகை. டொக்டரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கல்.

"தெரியேல்லை டொக்டர்."

"கீறல் இருக்கு. களிம்பும் இருக்கு. வீக்கமும் இருக்கு. கட்டிவிடுறன். நாளைக்குப் பாப்பம்."

அன்று பின்னேரம் நான் யாருக்கும் பாடம் எடுக்கவில்லை. உம்மா இரண்டொரு முறை பகிடி விட்டுப் பார்த்து, பிறகு ஒரு பேரீச்சம்பழத்தை என் கையில் வைத்தார். அம்மா என் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது. கண்ணுக்கும் காலைத்தான் பிடிப்பார்.

அப்பா எழுந்து மிஸ்ஸிடம் போனார். காதுக்குள் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது.

"மிஸ், இப்ப கண் மாத்தி வைக்கினமாமே. என்ர ஒண்டை எடுக்கலாமோ? எனக்கு ரெண்டும் சும்மாதான் கிடக்கு. வாசிக்கிறதுக்கு ஒருநாளும் பாவிக்கேல்லை. புதுசு மாதிரி."

மிஸ் கையிலிருந்த மருந்துத் தட்டைக் கீழே வைத்தார். "ஐயா, பிள்ளைக்குக் கீறல்தான். அது தன்ர பாட்டில ஆறும். உங்கட கண்ணை நீங்களே வைச்சிருங்கோ," என்றார்.

"அவசரமில்லை. தேவைப்பட்டால் சொல்லுங்கோ," என்று அப்பா வந்து கதிரையில் இருந்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பசை பட்ட கண் அழக் கூடாது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலை பார்வை சோதிக்கிற அறைக்கு அழைத்துப் போனார்கள். அம்மாவும் வந்தார். கட்டை அவிழ்த்து, களிம்பைத் துடைத்து, வலது கண்ணை ஒரு அட்டையால் மூடச் சொன்னார்கள். கதவுகளில் எழுதியிருந்தும், வழியில் எந்தக் கதவு கழிப்பறை என்று அம்மா எல்லாரையும் கேட்டுக்கொண்டு வந்ததாலோ என்னவோ, சோதிக்கிற மிஸ் எங்களை அன்பாகப் பார்த்துக் கேட்டார்.

"தங்கச்சி எழுத்து வாசிப்பீங்களோ? இல்லாட்டி இந்த அட்டை இருக்கு. கோடு எந்தப் பக்கம் பாக்குது எண்டு கையால காட்டினால் போதும்."

"எழுத்து அட்டையையே காட்டுங்கோ," என்றேன். அவர் கேட்டதில் பிழை இல்லை. என் குரல்தான் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

எதிர்ச் சுவரில் வெள்ளைப் பலகையில் கறுப்பு ஆங்கில எழுத்துகள். மேலே பெரிய ஒற்றை எழுத்து. கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டு போயின. முதலில் எல்லாம் நீருக்கடியில் கிடப்பவைபோல அசைந்தன. கண்ணை இமைத்தேன். மயிரில்லாத இமை, இமைத்ததே தெரியாததுபோல இருந்தது. பெரிய எழுத்து நின்றது. அதைச் சொன்னேன். அடுத்த வரி. அதற்கடுத்த வரி. நடுவில் ஒரு எழுத்தில் தடக்கி, மறுபடி இமைத்து, பிடித்தேன். மிஸ்ஸின் கோல் கீழே கீழே போனது. இன்னும் வரி இருக்கிறது என்பது அவ்வளவு சந்தோசமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. கடைசி வரிக்கு வந்தேன். எறும்புகள் போன்ற எழுத்துகள். ஒவ்வொன்றாக, பரீட்சை மண்டபத்தில்கூடக் காட்டாத கவனத்தோடு, வாசித்து முடித்தேன்.

"சரி," என்றார் மிஸ். "பார்வைக்கு ஒண்டுமில்லை. சொட்டு மருந்தைத் தொடர்ந்து விடுங்கோ. போத்தலைப் பாத்து விடுங்கோ."

அம்மா சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன எழுதியிருக்கு பிள்ளை அதில?"

"ஒண்டுமில்லையம்மா. சும்மா எழுத்துகள். சேத்து வாசிச்சால் கருத்து வராது."

அம்மாவுக்கு அது ஏற்கத்தக்கதாக இல்லை. சுவரை இன்னொரு முறை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் வெளியே போனார். நான் மருந்து எழுதிய துண்டை வாங்கிக்கொண்டு வருவதற்குள் வாட்டுக்குப் போய்ச் சேர்ந்து, ரஹ்மத்தும்மாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டுப்போட்ட கண்களோடு இன்னும் நாலைந்து பேர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

"மேலயிருந்து கீழ மட்டும் வாசிச்சவள்," என்று சொல்லிக்கொண்டிருந்தார் அம்மா. "அதில ஒண்டும் எழுதியில்லையாம். எண்டாலும் வாசிச்சுப்போட்டாள்."